இழுபடும் பக்கம்: கைபேசித் திரைக்கு வலைப்பக்கம் அமைக்கக் கற்பது

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967இல் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்காவும், காட்டுக்குள் நடந்தால் மழைக்காலத்தில் பெருகும் அருவியும் உள்ள ஊர். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு அங்கே போக நினைக்கும் குடும்பத்துக்கு நான்கு செய்திகள் வேண்டும்: பூங்கா இன்று திறந்திருக்கிறதா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, அருவியில் தண்ணீர் உண்டா. இவற்றை அவர்கள் தேடுவது கையிலுள்ள போனில்தான். பலர் வீட்டில் இருக்கும் ஒரே கணினியும் அதுதான்.

வலைப்பக்கம் அமைக்கப் பழகும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மாணவருக்கு முதல் பயிற்சியாக இந்த ஒரு பக்கத்தையே கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தலைப்பு, ஒரு படம், ஒரு நேர அட்டவணை, நான்கு தகவல் அட்டைகள், ஒரு தொலைபேசி எண். இவ்வளவே. ஆனால் இது 360 பிக்சல் அகலமுள்ள போனிலும், 1366 பிக்சல் அகலமுள்ள மடிக்கணினியிலும் தடையில்லாமல் படிக்கும்படி இருக்க வேண்டும். ரெஸ்பான்சிவ் என்று எல்லோரும் சொல்லும் வடிவமைப்பின் மொத்தப் பாடமும் இதற்குள் அடங்கிவிடும். அந்தப் பாடம் எப்படி உருவானது, இன்று எப்படிக் கற்பிக்கப்படுகிறது, தமிழில் பக்கம் அமைப்பவருக்கு அதில் எது விடுபடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரை.

தோலும் ஷூவும் தொழிலாக உள்ள இந்த வட்டார மக்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். ஷூவின் முன்முகத்தை இறுக்கமான இடத்தில் வெட்டுவார்கள். உள்ளே மறைந்து நிற்கும் நாக்குக்குத் தளர்ந்த இடம் போதும். எது இழுபடலாம், எது இழுபடக் கூடாது என்று கண்டுகொள்வதில் இருக்கிறது வெட்டுபவரின் கைத்திறன். வலைப்பக்கத்தில் கற்க வேண்டிய கைத்திறனும் அதுவே. பத்தி இழுபடலாம், தொலைபேசி எண் நடுவில் உடையக் கூடாது. படம் சுருங்கலாம், பொத்தான் விரலால் தொட முடியாதபடி சிறுத்துவிடக் கூடாது.

வளைந்து கொடுத்த வரலாறு

தொடக்க கால வலைப்பக்கம் இயல்பிலேயே வளையக்கூடியது. எந்த அலங்காரமும் இல்லாத எச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்தால், எழுத்து திரையின் அகலத்துக்கு ஏற்ப மடிந்து ஓடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை எச்டிஎம்எல் கோப்புகளாக வலையேற்றியது. அலங்காரமற்ற அத்தகைய கோப்பைத் திறந்து உலாவிச் சாளரத்தைக் குறுக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும். அதே நூலைப் பிடிஎஃப் கோப்பாகத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். தாளுக்காக உறைந்த வடிவம் அது. அரசாணை, விண்ணப்பம், பாடநூல், வினாத்தாள் எல்லாம் இன்றும் பிடிஎஃப் ஆகவே நம் போனுக்கு வருகின்றன. ரெஸ்பான்சிவ் பக்கம் எதற்கு என்று கேட்பவருக்கு இந்த வேறுபாட்டைக் காட்டினாலே போதும்.

வளையும் இயல்பை நாமேதான் இறுக்கினோம். 1990களின் பிற்பகுதியில் அச்சுப் பக்கத்தைப் போல எல்லாம் இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் அட்டவணைகளாலும் நிலையான அகலத்தாலும் பக்கத்தைப் பூட்டினார்கள். 2000 ஏப்ரலில் ஜான் ஆல்சாப் 'அ லிஸ்ட் அபார்ட்' என்ற வலை வடிவமைப்பு இதழில் எழுதிய கட்டுரை இதை எதிர்த்தது. வலையின் நெகிழ்வைக் குறையாக எண்ணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். 2007இல் ஐபோன் வந்தபோது அதன் உலாவி, பக்கங்கள் 980 பிக்சல் அகலமானவை என்று வைத்துக்கொண்டு அவற்றைச் சுருக்கிக் காட்டியது. படம் தெரிந்தது, எழுத்து எறும்பாக ஊர்ந்தது. கணினிக்கு ஒரு தளம், போனுக்குத் தனியாக ஒரு தளம் என்று இரண்டு தளங்களைப் பராமரிக்கும் வழக்கம் அப்போது பரவியது.

அந்த இரட்டை வேலைக்கு மாற்றாக 2010 மே 25 அன்று ஈதன் மார்காட் அதே இதழில் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற கட்டுரையை எழுதினார். உள்ளே இருக்கும் மனிதர்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டடங்களைப் பற்றிய சிந்தனையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன கூறுகள் மூன்று: விகிதத்தில் அளந்த நெகிழும் கட்டங்கள், சட்டகத்துக்குள் அடங்கும் படங்கள், திரையின் தன்மையைக் கேட்டு விதியை மாற்றும் மீடியா குவெரி. அடுத்த ஆண்டே 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் தளம் இந்த முறையில் வெளிவந்தது. ஒரு பெரிய செய்தித் தளத்துக்கும் இது தாங்கும் என்று அதில் உறுதியானது. 2012இல் மீடியா குவெரி, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வத் தரமானது. 2015 ஏப்ரல் 21 முதல், போனில் நடத்தும் தேடலில் போனுக்கு ஏற்ற பக்கங்களுக்கு கூகுள் முன்னுரிமை கொடுத்தது.

நம் நாட்டில் திருப்பம் அதற்கும் அடுத்த ஆண்டு வந்தது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ தொடங்கி, தரவின் விலை சரிந்தது. 2017இல் வந்த ஜியோபோனின் திரை வெறும் 240 பிக்சல் அகலம். கணினியிலிருந்து போனுக்கு வந்த நாடுகளின் அனுபவம் வேறு. கணினியைத் தொடாமல் நேரே போனுக்கு வந்த நம் அனுபவம் வேறு. சிறு திரையிலிருந்து தொடங்கு என்று லூக் ரோப்லெவ்ஸ்கி 2011இல் ஒரு நூலே எழுதினார். அங்கே அது ஒரு வடிவமைப்பு முறை. இங்கே அதுதான் வாழ்க்கை.

கருவிகள் எளிதாகிவிட்டன

மார்காட் எழுதிய காலத்தில் ஒவ்வொரு அகலத்தையும் கணக்குப் போட்டுச் சதவீதமாக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சுமையை, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ் மொழியே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு வரிசையில் பொருள்களை அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸ் உண்டு. வரிசையும் நிரலுமாக அடுக்க கிரிட் உண்டு. அது 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது.

அமிர்திப் பக்கத்தின் நான்கு தகவல் அட்டைகளை எடுத்துக்கொள்வோம். 'ஒவ்வொன்றும் குறைந்தது 250 பிக்சல் இருக்கட்டும், மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளட்டும்' என்று கிரிடுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். 360 பிக்சல் போனில் அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 768 பிக்சல் டேப்லெட்டில், ஓரங்களுக்கும் அட்டைகளுக்கு இடையிலும் விடும் இடைவெளி போக, இரண்டிரண்டாகும். மடிக்கணினியில் நான்கும் ஒரே வரிசைக்கு வரும். ஒரு மீடியா குவெரி கூடத் தேவைப்படவில்லை. தலைப்பின் அளவுக்குக் கிளாம்ப் உண்டு: இதற்குக் கீழே சிறுக்காதே, இதற்கு மேலே பெருக்காதே, நடுவில் திரையோடு வளர் என்று மூன்று அளவுகளைச் சொன்னால் போதும். 2022 ஆகஸ்டுக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே எல்லா முதன்மை உலாவிகளுக்கும் வந்த கண்டெய்னர் குவெரி, திரையின் அகலத்தைக் கேட்காமல் அந்த அட்டை எவ்வளவு இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று கேட்கிறது.

இவ்வளவு எளிதான பின்னும் பாடம் கடினமாகவே தோன்றக் காரணம் கற்பிக்கும் வரிசைதான். பூட்ஸ்டிராப் போன்ற தயார்நிலைக் கட்டமைப்பிலிருந்து தொடங்கும் மாணவர் 576, 768, 992, 1200 என்ற எண்களை மனப்பாடம் செய்கிறார். அந்த எண்களில் பக்கம் மாறும் என்று தெரிகிறது; ஏன் அங்கே மாற வேண்டும் என்று தெரிவதில்லை. பூட்ஸ்டிராப் நல்ல கருவி. 2011இல் ட்விட்டரில் வேலை செய்த இருவர் உருவாக்கி, உலகுக்கு இலவசமாகத் தந்தது. ஆனால் அளவெடுக்கத் தெரியாதவர் கையில் கொடுத்த வெட்டிய தோல் அது. உள்ளடக்கம் எங்கே நெருக்கப்படுகிறது, எங்கே அகன்று வெறிச்சோடுகிறது என்று கண்ணால் கண்டு, அந்த இடத்தில் மாற்றத்தை வைக்கப் பழகியவருக்குத்தான் அந்த எண்கள் பயன்படும்.

தமிழ் எழுத்து வைக்கும் சோதனை

ஆங்கிலப் பாடங்களைத் தமிழில் அப்படியே பின்பற்ற முடியாத இடம் இதுதான். பாடத்தில் வரும் மாதிரிப் பக்கம் அநேகமாகப் பொருளற்ற லத்தீன் சொற்களால் நிரம்பியிருக்கும். அவை குட்டையான சொற்கள். எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கிவிடும். அந்த இடத்தில் 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள். நம் கணக்கில் 13 எழுத்து. யூனிகோடில் 23 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் 69 பைட். 32 பிக்சல் தலைப்பில் எழுதினால் 360 பிக்சல் திரையைத் தாண்டி வலப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது மட்டும் நீளாது. மொத்தப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரச் செய்யும். தமிழ்ப் பக்கம் போனில் ஆடுகிறது என்று புகார் வந்தால் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு நீண்ட சொல்லைத்தான்.

தீர்வுகள் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லைத் தானாகப் பிரிக்கும்படி சிஎஸ்எஸ்ஸில் கேட்டால், தமிழ்ப் பிரிப்பு விதிகள் உள்ள உலாவிகள் முறையாகப் பிரிக்கும். சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு எழுதிய பிரிப்பு விதிகளில் தமிழும் உண்டு. வரி மெய்யெழுத்தில் தொடங்காதபடி அவை பார்த்துக்கொள்கின்றன. தமிழ் நாளிதழ்கள் வரி இறுதியில் இடைக்கோடு இல்லாமலே சொல்லை மடிக்கின்றன. அதேபோல அந்தக் கோட்டை மறைக்கவும் ஒரு பண்பு வந்துவிட்டது. பிரிப்பு விதி இல்லாத உலாவிக்கு, இடம் போதாதபோது எங்கேயாவது மடித்துக்கொள் என்ற கடைசிக் காப்பு வேண்டும். இந்தக் காப்பு சொல்லைக் கண்ட இடத்தில் உடைக்கும். ஆனால் பக்கம் ஆடாது. கிரிட், ஃப்ளெக்ஸ் பெட்டிகள் உள்ளே இருக்கும் நீண்ட சொல்லைவிடச் சிறுக்க மறுப்பவை என்பதால், அவற்றின் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியம் என்று அறிவிக்கவும் கற்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் ஓர் இரவு முழுக்கத் தவித்தவர்கள் உண்டு.

அடுத்தது வரி இடைவெளி. இகர ஈகாரச் சுழிகளும் புள்ளியும் மேலே எழும். 'மு', 'ழு', 'கூ' போன்றவற்றின் கால்கள் கீழே இறங்கும். ஆங்கிலத் தலைப்புக்குப் போதுமான 1.2 மடங்கு இடைவெளி தமிழில் எழுத்தோடு எழுத்தை முட்ட வைக்கும். உடல் எழுத்துக்கு 1.6 அல்லது அதற்கு மேல் வைத்துப் பழகலாம். ஒரு வரிக்கு 65 எழுத்து என்று ஆங்கில நூல்கள் சொல்லும் அளவும் நமக்குப் பொருந்தாது. சிஎஸ்எஸ் அந்த அளவைச் சுழிய எண்ணின் அகலத்தை வைத்துக் கணக்கிடுகிறது. தமிழ் எழுத்தில் பல அதைவிட அகலம். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவும் கிடையாது. ஆங்கிலத் தளத்தில் பெரிய எழுத்தால் காட்டும் முக்கியத்துவத்தை நாம் தடிப்பாலும் அளவாலும் இடைவெளியாலும் மட்டுமே காட்ட முடியும். எனவே தமிழில் பழகும் மாணவர் ஆங்கிலத்தில் பழகுபவரைவிடக் கடுமையான பாடத்தைக் கற்கிறார். அதில் தேறியவருக்கு ஆங்கிலப் பக்கம் எளிது. ஆங்கிலத்தில் மட்டும் தேறியவருக்குத் தமிழ்ப் பக்கம் வராது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. அங்கே பல வீடுகளில் உருதும் புழங்குகிறது. உருது வலமிருந்து இடம் ஓடும் எழுத்து. அமிர்திப் பக்கத்துக்கு உருதுப் பதிப்பு எழுத உட்கார்ந்தால், 'இடப்பக்கம் 16 பிக்சல் இடைவெளி' என்று எழுதியதெல்லாம் தவறான பக்கத்தில் நிற்கும். இடம், வலம் என்று சொல்லாமல் 'வரியின் தொடக்கம்', 'வரியின் முடிவு' என்று சொல்லும் பண்புகள் சிஎஸ்எஸ்ஸில் இதற்காகவே உள்ளன. அவற்றால் எழுதிய பக்கத்தில் மொழியின் திசையை மாற்றியதும் அடுக்கு தானே திரும்பிக்கொள்ளும். பல ஊர்களில் பாடநூலின் கடைசி அத்தியாயமாக இருக்கும் இந்தப் பாடம், ஆம்பூரில் தெருப்பலகையிலேயே எழுதியிருக்கிறது.

எடை, விரல், கண்

அடுக்கு சரியானால் மட்டும் பக்கம் போனுக்கு ஏற்றதாகிவிடாது. அருவியின் படத்தை எடுத்துக்கொள்வோம். போன் கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், 3000 உயரம், மொத்தம் 1.2 கோடிப் பிக்சல்கள். 360 பிக்சல் திரையில் ஒரு பிக்சலுக்கு மூன்று புள்ளிகள் என்று கொண்டாலும் தேவையான அகலம் 1080தான். மொத்தப் பிக்சல் 9 லட்சத்துக்கும் குறைவு. அசல் படத்தை அப்படியே ஏற்றினால் தேவையைப்போல் 13 மடங்குக்கு மேல் அனுப்புகிறோம். மலையடிவாரத்தில் சிக்னல் மெலியும் இடத்தில் அந்தக் குடும்பத்தின் தரவையும் பொறுமையையும் அது தின்றுவிடும். ஒரே படத்தை மூன்று அளவில் வைத்து, உனக்கு ஏற்றதை எடுத்துக்கொள் என்று உலாவியிடம் விட்டுவிடும் முறையை மாணவர் முதல் வாரத்திலேயே கற்க வேண்டும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் எழுதிவிட்டால் உலாவி அதற்கு இடம் ஒதுக்கி வைக்கும். படம் தாமதமாக வந்து கீழே இருக்கும் எழுத்தைத் தள்ளிவிடாது.

விரலுக்கும் அளவு உண்டு. அணுகல்தன்மைக்கான டபிள்யூ3சி வழிகாட்டியின் 2023 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. 44 இருந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டியின் 2018 பதிப்பு, 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டு நகர்த்தல் இல்லாமல் பக்கத்தைப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. 1280 பிக்சல் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் படிக்கும் பார்வைக் குறைவு உள்ளவரின் அகலமும் அதே 320தான். போனுக்காகச் செய்த வேலை மாற்றுத்திறனாளிக்கும் உதவுகிறது. பஸ் நேர அட்டவணை போன்ற தரவு அட்டவணைகளுக்கு இதில் விலக்கு உண்டு. அட்டவணையை மட்டும் தனிப் பெட்டிக்குள் நகரவிட்டு, பக்கத்தை நிலையாக வைப்பது முறை.

பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே அமைக்கும்படி உலாவிக்குச் சொல்வது வியூபோர்ட் குறிச்சொல். பெரிதாக்குவதையே தடை செய்யும் வரியை அதில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்குவதற்கு ஒப்பானது அது. எழுத்தளவைத் திரை அகலத்தின் விகிதத்தில் மட்டும் எழுதினாலும் பெரிதாக்கல் சரியாக வேலை செய்யாது. வாசகர் தேர்ந்த அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த ரெம் அலகையும் அதோடு கலக்க வேண்டும்.

எங்கே கற்கிறார்கள்?

கற்பதற்கான வாசல்கள் முன்னெப்போதையும்விட அதிகம். வேலூரில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று விஐடி பல்கலைக்கழகம்; வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் இயங்குகிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு முதல் விசைப்பலகையைக் கொண்டுசென்றது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சி தருகிறது. ஃப்ரீகோட்கேம்ப் தளத்தின் ரெஸ்பான்சிவ் வடிவமைப்புப் பாடம் முற்றிலும் இலவசம். படிவம், அஞ்சலிப் பக்கம், தொழில்நுட்ப ஆவணம், பொருள் அறிமுகம், சொந்த அறிமுகம் என்று ஐந்து பக்கங்களைக் கட்டச் சொல்லி நெடுங்காலம் கற்பித்தது. ஜெரமி கீத் கூகுளின் வெப்.டெவ் தளத்துக்கு எழுதிய பாடம் தெளிவானது. தமிழில் கணியம் இதழும் அதன் வழியே வந்த து. நித்யாவின் எளிய தமிழ் நூல்களும், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தின் தமிழ்க் குரல் பாடங்களும் கைகொடுக்கின்றன.

குறை இரண்டு இடத்தில். ஒன்று, இப்பாடங்களில் பெரும்பாலானவை மாணவரின் முன்னால் மடிக்கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்கின்றன. அகலத்தை இழுத்துப் பார்க்கும் சோதனைக் கருவி குரோமின் கணினிப் பதிப்பில்தான் இருக்கிறது. போன் மட்டுமே உள்ளவர் அகோட் போன்ற செயலியில் குறிமுறை எழுதலாம். ஆனால் பெரிய திரையில் எப்படித் தெரிகிறது என்று சரியாகப் பார்க்க எளிய வழியில்லை. கல்லூரி ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வைப்பது இதற்கு நேரடியான விடை. மற்றொன்று, தமிழ்ப் பாடங்களிலும் எடுத்துக்காட்டுப் பக்கங்கள் ஆங்கிலமாக இருக்கும் வழக்கம். விளக்கம் தமிழில், பக்கம் ஆங்கிலத்தில் என்றால் நீண்ட சொல்லையும் வரி இடைவெளியையும் மாணவர் சந்திப்பதே இல்லை.

வேலைக்கான தேவையும் இதே திசையில் இருக்கிறது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டியின் 2023 பதிப்பு போனுக்கும் அணுகல்தன்மைக்கும் ஏற்ற அமைப்பைக் கேட்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த மாவட்டங்களின் தளங்கள் தேசிய தகவலியல் மையத்தின் பொதுக் கட்டமைப்பில் இயங்குகின்றன. அதற்குக் கீழே பஞ்சாயத்து, பள்ளி, சிறு தோல் பட்டறை, பிரியாணிக் கடை என்று தமிழில் ஒரு நல்ல பக்கம் தேவைப்படும் இடங்கள் ஏராளம்.

கற்க வேண்டிய வரிசை

முதலில் அமிர்திப் பக்கத்தை எந்தச் சிஎஸ்எஸ்ஸும் இல்லாமல், சரியான எச்டிஎம்எல்லில், முழுத் தமிழில் எழுத வேண்டும். வியூபோர்ட் வரியைச் சேர்த்து விலை குறைந்த ஒரு போனில் திறந்தால், அழகில்லாமல் இருந்தாலும் அது ஏற்கெனவே மடிந்து ஓடுவதைக் காணலாம். இந்த ஒரு காட்சி பல மணி நேர விளக்கத்துக்குச் சமம். அடுத்தது எழுத்து: அளவு, வரி இடைவெளி, நீண்ட சொல். மூன்றாவது படமும் அதன் எடையும். நான்காவதாக கிரிடும் ஃப்ளெக்ஸும். மீடியா குவெரி ஐந்தாவது. அப்போதும் திரையை மெல்ல அகட்டி, பக்கம் நெருடும் இடத்தில் மட்டும் ஒன்று. பூட்ஸ்டிராப்பும் அதுபோன்றவையும் கடைசியில். இப்போது பல இடங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ்.

பக்கம் முடிந்ததா என்று அறிய மதிப்பெண் பட்டியல் வேண்டாம். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும் அக்காவிடம் அவர் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். எழுத்தளவு அவர் வைத்திருக்கும் அளவிலேயே இருக்கட்டும். அமிர்திக்குக் கடைசி பஸ் எப்போது என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் பக்கவாட்டில் ஒருமுறையும் நகராமல், கண் சுருங்காமல், விடை வந்துவிட்டால் நீங்கள் கற்றுவிட்டீர்கள். வராவிட்டால் அவர் விரல் எங்கே தடுமாறியதோ, அந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.